அம்மம்மாவுக்குச் செய்த லேசர் எனக்கு ஏன் இல்லை?

தங்கையின் மகனுக்கு வயது 24. ஆவரங்கால் பக்கத்துக் கழகமொன்றுக்குக் கரப்பந்தாட்டம் ஆடுகிறவன். வலையோரம் எழும்பி அடிப்பதுதான் அவன் வேலை. சென்ற வருடம் ஆடி மாதத்து ஆட்டமொன்றில் எதிரணி தடுத்த பந்து நேரே முகத்துக்கு வந்து மூக்குக்கண்ணாடியை இரண்டாக்கியது. ஒன்றரை வருடத்தில் அது மூன்றாவது கண்ணாடி. மறுநாள் காலை, ஒரு காதைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டிய பழைய கண்ணாடியோடு என் வீட்டு விறாந்தையில் வந்து இருந்தான். கையிலிருந்த தொலைபேசியில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது: பத்து நிமிடம், வலியில்லை, கண்ணாடியைத் தூக்கி எறியலாம்.

“மாமா, உங்களுக்கு லேசர் செய்தார்கள். அம்மம்மாவுக்கும் செய்தார்கள். எனக்கும் செய்துவிடலாம்தானே?”

மூன்று மாதம் கழித்துக் கொழும்பில் ஒரு கண் வைத்தியர் முடியாது என்று சொன்ன பிறகு, அதே கேள்வி கோபத்தோடு திரும்பி வந்தது. 78 வயது அம்மம்மாவுக்குச் செய்தது எனக்கு ஏன் இல்லை? யாழ்தேவியில் வீடு திரும்பும்வரை அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் ஒழுங்காக்கி இங்கே எழுதுகிறேன். நான் உயர்தர வகுப்புக்கு 31 வருடம் பௌதிகவியல் கற்பித்தவன், வைத்தியன் அல்லன். ஒளியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கண்ணைப் பற்றிச் சொல்வதெல்லாம் வைத்தியர்களிடம் கேட்டதும், நானே அந்தக் கதிரையில் இருந்து பட்டதும். மருமகன் எழுதச் சம்மதித்தான், பெயரைப் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

ஒரு சொல், நாலு கருவி

ஊரில் ஒருவர் ‘ஊசி போட்டேன்’ என்றால் இன்சுலினா, தடுப்பூசியா, நாய் கடித்ததற்கா என்று உடனே கேட்போம். ‘கண்ணுக்கு லேசர் செய்தேன்’ என்றால் மட்டும் அடுத்த கேள்வி வருவதில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொல் தேடித் தேடி நூல் செய்தார். அவர் காலத்தில் லேசர் இருந்திருந்தால் நாலுக்கும் நாலு பெயர் வைத்துவிட்டுத்தான் படுத்திருப்பார். நமக்கு வாய்த்தது ஒரே சொல்.

வகுப்பில் நான் செய்துகாட்டும் பழைய வித்தை ஒன்று உண்டு. குவிவு வில்லையை வெயிலில் பிடித்துக் கடதாசியைக் கருக்குவது. வில்லை சுடுவதில்லை, இடையிலுள்ள காற்றும் சுடுவதில்லை, கடதாசிதான் கருகும். ஒளி எங்கே உறிஞ்சப்படுகிறதோ அங்கேதான் அதன் வேலை. கண்ணுக்குச் செய்யும் லேசர்களில் முதல் இரண்டு வகைக்கு இதுதான் அடிப்படை. 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர், கண்ணின் முன்சுவரான கோர்னியாவிலேயே முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். அதைத் தாண்டி உள்ளே போகவே போகாது. 532 நனோமீற்றர் பச்சை ஒளி கோர்னியா, வில்லை எல்லாவற்றையும் சும்மா கடந்துபோய், பின்சுவரான விழித்திரையின் கருநிறப் படையில் பிடிபட்டுச் சுடும். 1064 நனோமீற்றர் அகச்சிவப்பு எதிலும் பெரிதாகப் பிடிபடாது. ஆனால் ஒரு செக்கனின் நூறுகோடியில் சில பங்கு நேரத்துக்குள் ஊசிமுனையிலும் சிறிய இடத்தில் அதைக் குவித்தால், அந்த இடத்தில் பொறி பறந்து இழையம் கிழியும். நாலாவது, ஃபெம்டோ லேசர். அதனிலும் குறுகிய துடிப்புகளால் நுண்குமிழிகளை வரிசையாக எழுப்பிக் கத்தி வேலை பார்க்கிறது. முதல் லேசர் எரிந்தது 1960 மே மாதத்தில். இந்த நாலும் அதன் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்றின் தொழில் மற்றதற்குத் தெரியாது.

வீட்டில் ஏற்கனவே நடந்த இரண்டு

அம்மாவின் கதை சுருக்கமானது. சில வருடங்களுக்கு முன் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ‘லேசரில் புரை எடுத்தது’ என்று அயலெல்லாம் சொன்னது. அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தா. உண்மையில் அங்கே லேசரே இல்லை. மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வாய் வைத்து, கேளாஒலி அதிர்வால் மங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த செயற்கை வில்லையை உள்ளே விரிப்பார்கள். 1967 இல் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன் தொடங்கிவைத்த முறை அது. 2008 இல் புடாபெஸ்ற்றில் தொடங்கிய ஃபெம்டோ லேசர் புரைச் சிகிச்சையும் இப்போது உண்டு; வாய் வைப்பதையும் பையை வட்டமாகத் திறப்பதையும் வில்லையைத் துண்டாடுவதையும் லேசர் செய்கிறது, மிச்சத்துக்கு அதே கேளாஒலிதான் வரவேண்டும். பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில், தேர்ந்த கையால் செய்ததைவிடப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டதாகத் தெரியவில்லை. தனியாரில் இதற்கென்று மேலதிகமாகக் கேட்கும் காசை நான் கொடுக்கமாட்டேன்.

மூன்று வருடம் கழித்து அம்மாவுக்குப் பார்வை மறுபடி புகைந்தது. புரை திரும்பிவிட்டது என்று அழுதா. எடுத்த புரை திரும்பி வராது. மாம்பழத்தைப் பிழிந்து எடுத்துவிட்டுத் தோலை மட்டும் பத்திரமாக வைத்திருப்பதுபோல, பழைய வில்லையின் உறையை விட்டுவைத்து அதற்குள்தான் புதிய வில்லையைப் பொருத்துவார்கள். மிஞ்சிய கலங்கள் அந்த உறையின் பின்பக்கத்தில் வளர்ந்து அதை மங்கச் செய்யும். இதற்குத்தான் யாக் லேசர், மேலே சொன்ன 1064. கண்ணைத் திறக்கவே வேண்டியதில்லை. உறையின் நடுவில் பொறியால் ஒரு யன்னல் வெட்டுவார்கள். “டிக் டிக் என்று கேட்டது, பிறகு எழும்பச் சொன்னார்கள்” என்பதுதான் அம்மாவின் முழு வாக்குமூலம். அடுத்தடுத்த நாட்களில் கண்ணழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும், அரிதாக விழித்திரை கழரலாம் என்று எச்சரித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கிழமையே பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை உருப்பெருக்கி இல்லாமல் வாசித்து, யார் வீட்டுக்கு யார் போகவேண்டும் என்று உத்தரவு போடத் தொடங்கினா.

என் கதை அவ்வளவு சுகமாக முடியவில்லை. எனக்குச் சீனி வருத்தம் 14 வருடம். அதில் முதல் ஒன்பது வருடம் கண்ணை ஒருவரிடமும் காட்டவில்லை. கரும்பலகையில் கண்ணின் படத்தை வருடாவருடம் கீறியவன், தன் கண்ணின் பின்பக்கத்தை ஒருதரமும் பார்க்கவிடவில்லை. பார்வை நன்றாகத்தானே இருந்தது! கிளினிக்கில் ஒரு நாள் சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்த வைத்தியர், விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்றார். புதிய குழாய் என்றதும் நல்ல சங்கதி என்று ஒரு கணம் நினைத்தேன். சீனியால் பழைய நுண்குழாய்கள் அடைபட்டு, ஒட்சிசன் கிடைக்காத விழித்திரை போடும் கூச்சலுக்குத்தான் அவை முளைக்கின்றன. நொய்ந்த குழாய்கள், ஒரு நாள் உடைந்தால் கண் முழுக்க இரத்தம்.

மருந்து, பச்சை லேசரால் விழித்திரையின் ஓரங்களைச் சுடுவது. ஓரத்தைச் சுட்டால் அதற்கு ஒட்சிசன் தேவையில்லை, கூச்சல் அடங்கும், புதிய குழாய்கள் வாடும். கோடையில் கிணறு வற்றும்போது ஓரத்துப் பாத்திகளைக் காயவிட்டு நடுப்பாத்திக்கு மட்டும் இறைப்போமே, அந்தக் கணக்கு.

நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் அழுத்தி, விறைப்புச் சொட்டு விட்ட கண்ணில் பசை தடவிய தடித்த வில்லையொன்றை ஒட்டினார்கள். பிறகு பச்சை மின்னல். ஒன்று, இன்னொன்று, பத்து, நூறு. பல குத்துகள் தெரியவே தெரியாது. சில இடங்களில், நரம்பு ஓடும் பக்கத்தில், பல்லுக்குள் ஊசி ஏறியதுபோல் தலையின் பின்வரை ஒரு வலி. எண்ணிக்கொண்டிருந்தால் பயம் குறையும் என்று எண்ணினேன், 200 தாண்டியதும் விட்டுவிட்டேன். முடிந்து எழும்பியபோது கொஞ்ச நேரம் அந்தக் கண்ணில் உலகம் ஊதாவும் இருட்டுமாக இருந்தது. மூன்று தடவையில் அந்த ஒரு கண்ணுக்கு 1,500 குத்துக்கு மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்துப் பலகையில் ஒரு வரிகூடக் கூடுதலாக வாசிக்கவில்லை. இருந்த வரியைக் காப்பாற்றுவதுதான் அந்தச் சிகிச்சையின் நோக்கம். விலையும் கொடுத்தேன்: இருட்டுப் பார்வை குறைந்தது, ஆறு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை. விழித்திரையின் நடுப்புள்ளி வீங்கிப் பார்வை குறைந்தவர்களுக்கு இப்போது முதலில் கண்ணுக்குள் ஊசிதான் போடுகிறார்கள். லேசர் அங்கே இரண்டாமிடம். லேசர் செய்தும் தெளியவில்லையே என்று கிளினிக் வாங்கில் சண்டை பிடித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எதற்குச் செய்தார்கள் என்று அவருக்கு யாரும் தமிழில் விளங்கச் சொல்லவில்லை.

ஆக மருமகன் சாட்சிக்கு இழுத்த இரண்டு லேசரில் ஒன்று அவன் கண்ணில் இல்லாத செயற்கை வில்லையின் உறைக்கு, மற்றது அவனுக்கு இல்லாத சீனிக்கு.

அவன் கேட்டது

கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 டயொப்டர். அதில் 43 அளவு கோர்னியாவுடையது. கிட்டப்பார்வைக்காரரின் கண் பொதுவாக நீண்டது. ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். நீளத்தைக் குறைக்க முடியாது, முன்சுவரின் வளைவைக் குறைக்கலாம். எக்சைமர் எனப்படும் 193 நனோமீற்றர் லேசர், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழக் கால் மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கோர்னியாவின் நடுவைச் சீவித் தட்டையாக்குகிறது. சுடுவதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கிறது. பக்கத்து இழையம் கருகாமலிருப்பது அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த ரங்கசாமி சிறீனிவாசன் என்பதை எத்தனை மாணவருக்குச் சொன்னோம்? 1981 நவம்பரில், ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் எக்சைமர் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெட்டு, கருகல் இல்லாமல் சுத்தமாக விழுந்தது. கண் வைத்தியர் ஸ்ரீபன் ட்ரொகெலும் சிறீனிவாசனும் 1983 இல் அதைக் கோர்னியாவில் செய்து வெளியிட்டார்கள். சிறீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் 2013 இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். கோர்னியாவில் மெல்லிய மடலொன்றைத் திறந்து, அடியில் சீவி, மடலை மூடுவது லாசிக். மடலே இல்லாமல் மேற்தோலை மட்டும் வழித்துவிட்டுச் சீவுவது அதற்கு மூத்த பி.ஆர்.கே. ஃபெம்டோ லேசரால் உள்ளுக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லைத்துண்டை வெட்டிச் சின்ன வாயால் உருவி எடுப்பது ஸ்மைல். பந்து முகத்தில் படும் ஆட்டக்காரருக்கு மடலில்லாத முறைகளையே பல வைத்தியர்கள் விரும்புகிறார்கள். அடிபட்டால் மடல் இடம்பெயரலாம்.

18 வயது தாண்டியிருக்கவேண்டும். ஒரு வருடமாவது பவர் மாறாமலிருக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடாது. கண் வரட்சி கடுமையாக இருந்தால் கூடாது, ஏனென்றால் கோர்னியாவின் நரம்புகள் அறுபடுவதால் வரட்சி சில மாதம் இன்னும் கூடும். ஒட்டுவில்லை (கண்ணின் மேல் போடும் கொன்ராக்ற் லென்ஸ்) போடுகிறவர் சோதனைக்கு முன் அதைக் கழற்றி வைக்கவேண்டும். மருமகன் ஆட்டத்துக்கு மட்டும் மென்வில்லை போடுவான். இரண்டு கிழமை கழற்றி வைத்துவிட்டுத்தான் கொழும்புக்குப் போனோம்.

கொழும்பில் அந்த முற்பகல்

தனியார் நிலையம். வைத்தியர் ஒரு பெண்மணி. இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே மூன்று கேள்வி கேட்டா. “கண்ணைக் கசக்குகிற பழக்கம் உண்டா, தம்பி? தும்மல், கடி, தூசி ஒவ்வாமை ஏதாவது? பழைய கண்ணாடிச் சிட்டைகள் இருக்கின்றனவா?”

கசக்குவான். சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் பக்கம் செம்மண் புழுதி. மைதானத்திலிருந்து வந்தால் முழங்கையை மடித்துப் புறங்கையால் கண்ணை உருட்டி உருட்டித் தேய்ப்பது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். சிட்டைகளைத் தங்கை பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டைப் பிரதிகளோடு சேர்த்து வைத்திருந்தாள். வைத்தியர் அவற்றை மேசையில் வரிசையாக அடுக்கினா. வலது கண்ணின் சிலிண்டர், அதாவது கோர்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாததைச் சரிசெய்யும் எண்: மைனஸ் 0.75. அடுத்ததில் 1.50. கடைசியில் 2.75.

மூன்றும் நகரத்துக் கண்ணாடிக் கடையொன்றில் எழுதியவை. ஒவ்வொரு முறையும் ‘பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று சொல்லிப் புதுக் கண்ணாடி விற்றார்கள். 20 வயது தாண்டியவனுக்குச் சிலிண்டர் ஏன் இப்படிப் பாய்கிறது என்று கேட்டு ஒரு வைத்தியரிடம் அனுப்பியிருக்கவேண்டும். கடையைத் திட்டுவது சுலபம். இரண்டு வருடத்துக்கு முன் முற்றத்தில் நின்று, “மாமா, வலது கண்ணால் பார்த்தால் நிலவுக்கு வால் இருக்கிறது, கீழே இன்னொரு நிலவு தொங்குகிறது” என்று அவன் சொன்னபோது, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார் என்று சொன்னவன் நான். ஒரு கண்ணை மூடினாலும் உருவம் இரட்டிப்பது ஒளிமுறிவுக் கோளாறு; அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

பிறகு இயந்திரம். ஒரு கூம்புக்குள் வட்டம் வட்டமாக ஒளிரும் வளையங்கள். அவற்றின் பிம்பம் கோர்னியாவில் விழுவதைப் படமெடுக்கிறது. நல்ல கண்ணில் வளையங்கள் சமச்சீராக இருக்கும். இவனுடைய வலது கண்ணில் மேற்பாதி விரிந்து, கீழ்ப்பாதி நெருங்கி முட்டை வடிவாக இழுபட்டிருந்தன. கீழே விழுந்து சப்பிய பித்தளைச் செம்பில் முகம் பார்த்தது போலிருந்தது. அடுத்த படம் வர்ணத்தில்: நீலமும் பச்சையுமாக இருக்கவேண்டிய வட்டத்தில், நடுவுக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டு. அந்த உச்சியில் வளைவு 51.8 டயொப்டர். மிக மெல்லிய இடத்தில் தடிப்பு 462 மைக்ரோன். சாதாரணமாக 540 அளவில் இருக்கும். இடது கண்ணில் அதே திட்டு, வெளிறலாக.

கெரட்டோகோனஸ். கோர்னியா மெலிந்து, உள்ளழுத்தத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் கூம்பாக வெளியே தள்ளும் நோய். பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஒவ்வாமையும் கசக்கலும் அதற்குக் கூட்டாளிகள்.

மருமகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. சும்மா விடுவானா? வைத்தியர் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினான். சீவும் ஆழத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு: சீவும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, வர்க்கித்து, மூன்றால் பிரித்து, டயொப்டரால் பெருக்கினால் மைக்ரோனில் விடை. 6.5 மில்லிமீற்றர் வட்டத்துக்கு ஒரு டயொப்டருக்கு ஏறத்தாழ 14 மைக்ரோன். இவனுக்குக் கிட்டப்பார்வை 5.50 உம் சிலிண்டர் 2.75 உம் சேர்ந்து 8.25. ஆகவே 116 மைக்ரோன்.

“மடலுக்கு எவ்வளவு, டொக்டர்?”

“110 என்று வைத்துக்கொள்ளும்.”

462 இலிருந்து இரண்டையும் கழித்தால் 236. அடியில் குறைந்தது 250 மைக்ரோன் மிஞ்சவேண்டும், 300 இருந்தால்தான் நிம்மதி என்று அவ சொன்னா. அவன் அங்கே நிற்கவில்லை. “மடலில்லாத முறையில் மேற்தோல் 50 தான் போகும். 462 கழி 50 கழி 116, 296 மிஞ்சுகிறதே?”

கணக்குச் சரி. எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. வைத்தியர் சிரிக்காமல் படத்திலிருந்த சிவப்புத் திட்டில் விரலை வைத்தா. “தம்பி, இந்தச் சுவர் தடிப்புக் குறைந்ததால் மட்டும் வளையவில்லை, உறுதி குறைந்ததால் வளைந்தது. தள்ளிக்கொண்டிருக்கும் சுவரைச் சீவினால் இன்னும் தள்ளும். இன்று 6/6 என்று முழுப் பார்வை பார்ப்பீர், இரண்டு வருடத்தில் என்னிடம் கோர்னியா மாற்றுவதற்கு வருவீர்.” விளம்பரம் போட்ட நிலையம் ஒன்றில் இந்தப் படத்தை ஒழுங்காகப் பார்க்காமல் செய்திருந்தால் என்று நினைக்க, குளிரூட்டிய அறையிலும் எனக்கு வியர்த்தது.

அதே இருப்பில் கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்த்தா. இது பலருக்குத் தெரியாத சங்கதி: லாசிக் செய்து கண்ணாடி போனாலும், கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். நீண்ட கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்தது, கிழிய வாய்ப்புக் கூடியது. அந்த ஆபத்தை எக்சைமர் ஒரு துளியும் குறைக்காது. திடீரென்று மின்னல் தெரிந்தாலோ கருந்துகள்கள் கூட்டமாக மிதந்தாலோ அன்றே ஓடிவரவேண்டும் என்றா. இவனுக்குக் கிழிசல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைச் சுற்றிப் பச்சை லேசரால் தையல் போட்டதுபோல் சுட்டு ஒட்டியிருப்பார்கள். என்னுடைய வகை லேசர் அவனுக்கும் கிடைத்திருக்கும்.

ரயிலில்

தங்கைக்கு மனம் ஆறவில்லை. “அண்ணா, இங்கே மாட்டார்கள் என்றால் பலாலியில் ஏறிச் சென்னைக்குப் போவோமே?” பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரில் எல்லா ‘முடியாது’க்கும் இது ஒரு மேன்முறையீடு. இரண்டாவது வைத்தியரிடம் காட்டுவதில் பிழையில்லை. ஆனால் பாக்குநீரிணையைக் கடந்தால் கோர்னியா தடிக்காது என்று சொன்னேன். பிறகு மெல்லக் கேட்டாள், தனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையே, அந்த வெள்ளெழுத்துக்காவது லேசர் உண்டா என்று. நாற்பதைத் தாண்டினால் வில்லை விறைக்கிறது; கோர்னியாவைச் சீவி அதை இளமையாக்க முடியாது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விட்டுச் சமாளிக்கும் உபாயம் உண்டு, எல்லோருக்கும் ஒத்துவராது. சந்தையில் விற்கும் வாசிப்புக் கண்ணாடி உனக்குப் போதும் என்றேன். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வவுனியா தாண்டியதும் அவளே மற்றவர்களின் கண்களை எடுத்தாள். பக்கத்து வளவு ஆச்சிக்குத் தலையிடியோடு கண் சிவந்து வாந்தி வந்ததே, அதற்கு லேசர் செய்தார்களே? அது குளுக்கோமாவில் ஒரு வகை. கண்ணுக்குள் நீர் வடியும் மூலை அடைபட்டு அழுத்தம் ஏறியது. கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையின் ஓரத்தில் யாக் லேசரால் குண்டூசித் துளை போட்டு நீருக்கு வழிவிட்டார்கள். மூலை திறந்திருக்கும் வகைக்கும் வடிகாலைத் தூண்டிவிடும் மெல்லிய லேசர் உண்டு. இரண்டிலும் செத்த நரம்பு உயிர்க்காது. மாறுகண்ணுக்கு? தசைக்குச் சத்திரசிகிச்சை. சின்ன வயதில் பாவிக்காமல் சோம்பிப்போன கண்ணுக்கு? பழுது மூளைப் பக்கம், லேசருக்கு அங்கே வேலையில்லை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைக்கு உண்டு, அது என் வகை. இப்படிக் கிளிநொச்சிவரை போயிற்று. மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

லேசர் இல்லாத சிகிச்சை

கோர்னியாவை இறுக்கும் ஒரு முறை உண்டு. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, மனிதக் கண்களில் செய்த முடிவுகள் 2003 இல் வெளியானது. மேற்தோலை வழித்துவிட்டு, விற்றமின் பி2 கலந்த மஞ்சள் சொட்டை அரை மணி நேரம் விட்டு ஊறவைத்து, பிறகு அரை மணி நேரம் புறஊதா வெளிச்சம் காட்டுவார்கள். கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் விழுந்து சுவர் விறைக்கும். மேற்தோல் போனபின் 400 மைக்ரோனாவது இருந்தால்தான் உள்ளே இருக்கும் கலங்களுக்குப் பாதுகாப்பு. இவனுக்கு 462 இல் 50 போக 412. வெறும் 12 மைக்ரோன் இடைவெளியில் தப்பினான். இன்னும் ஒரு வருடம் கண்ணாடி மட்டும் மாற்றிக்கொண்டு இருந்திருந்தால் இதுவும் சிக்கலாகியிருக்கும்.

மார்கழியில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். “மாமா, இதில் லேசர் எங்கே?” என்று கட்டிலிலிருந்து கேட்டான். இல்லை என்றேன். மூன்று நாள் வலி கடுமை. இருட்டறையில் கிடந்து, கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எங்களையும் தூங்கவிடவில்லை. நாலாம் நாள் மேற்தோல் மூடியது. இந்தச் சிகிச்சை கூம்பை நிறுத்தும், மடக்காது, கண்ணாடியும் போகாது. நிற்காமல் முற்றிப்போனால் கடைசி வழி கோர்னியா மாற்று. 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தால் எத்தனையோ நாடுகளுக்குக் கோர்னியா அனுப்பும் நாடு இது. ஆனாலும் 24 வயதில் மற்றவருடைய கோர்னியாவைச் சுமந்துகொண்டு வலைக்கு முன்னால் எழும்ப எந்த வைத்தியரும் விடமாட்டார்.

பார்வைக்கு வேறு வழி கிடைத்தது. சின்னக் கடின வில்லையை முதலில் போட்டுப் பார்த்தான். புழுதித் துகளொன்று அடியில் புகுந்ததும் மைதானத்தில் குந்திவிட்டான். பிறகு கண்ணின் வெள்ளைப் பகுதியில் தாங்கி நிற்கும் பெரிய வில்லை. கோர்னியாவைத் தொடாமல் மேலே கவிந்து, இடையில் உப்புநீர் நிரம்பி நிற்கும். கூம்பின் கோணல்கள் நீருக்குள் மறைந்துவிட, ஒளி வில்லையின் ஒழுங்கான முகத்தில் முறியும். வாழ்நாள் முழுக்க ஒளிமுறிவு நடத்தியவனுக்கு இதைவிட அழகான செய்முறை கிடைக்காது. கண்ணாடியோடு 6/18 பார்த்த வலது கண் இப்போது 6/9. ஆட்டத்துக்கு மேலே உடையாத பொலிகார்பனேற் காப்புக்கண்ணாடி. இடது கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனி மாதச் சோதனையில் வலது உச்சி 51.6. “நின்றுவிட்டதா, டொக்டர்?” என்றான். “அடுத்த வருடமும் இதே எண்ணைக் காட்டும், பிறகு சொல்கிறேன்” என்றா. ஒவ்வாமைக்குச் சொட்டு எழுதிக் கொடுத்து, கசக்கக்கூடாது என்று மறுபடியும் சொன்னா.

கசக்கல்தான் லேசில் போகவில்லை. நேற்றுப் பின்னேரம் ஆட்டம் முடிந்து வந்து விறாந்தைக் கட்டில் இருந்தவனின் புறங்கை தானாகக் கண் பக்கம் போனது. நான் பக்கத்துக் கதிரையில் பேப்பரோடு இருந்தேன், கவனிக்கவில்லை. முற்றத்தின் மறுகோடியில், கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அம்மா தலையை நிமிர்த்தினா.

“டேய், கையை எடு!”